அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு: நான் செய்த தப்புகளையும் சேர்த்து எழுதுகிறேன்

துறையூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள் நான். எந்த பில்லையும் தூக்கிப் போட மாட்டேன். அதனால் இதில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் ஃபைலைப் பார்த்து எழுதியது. மணிக்கணக்கு, அன்றைக்கு செல்போனில் பேசிய அழைப்புகளின் பட்டியலைப் பார்த்து எழுதியது. இதையெல்லாம் முன்னாடியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் சில தப்புகளையாவது செய்யாமல் இருந்திருப்பேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, கூடப் பிறந்தவர்கள் கிடையாது. எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டது நான் ஒருத்திதான்.

2024 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு அப்போது வயது 64. கடைவீதியில் முப்பத்தைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவர். காலை ஆறு மணிக்குக் காபி குடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். 6.40-க்குக் கொல்லைப்பக்கம் போகிற வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தலை பொளக்குதும்மா" என்றார். உடனே வாந்தி. நிமிர்த்திப் பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, இடது கையைத் தூக்கச் சொன்னால் வலது கையைத் தூக்குகிறார். பேச்சு குழறியது, ஆனால் என்ன சொல்கிறார் என்று புரிந்தது.

அப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு நான்கு வருடம் முன்பு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. அதனால் வீட்டில் எப்போதும் ஆஸ்பிரின் இருக்கும். நெஞ்சுவலி வந்தால் உடனே கொடுக்கணும் என்று எப்போதோ வாட்ஸ்அப்பில் படித்தது மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அடைப்பு என்றால் எல்லாம் அடைப்புதானே என்று நினைத்து, ஒரு மாத்திரையை அப்பா வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தேன். பாதித் தண்ணீர் இடது கடைவாய் வழியாக வெளியே வழிந்தது, மீதி உள்ளே போய்ப் புரையேறி இருமினார். மாத்திரை உள்ளே போய்விட்டது என்று எனக்குத் திருப்தி.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது. பக்கவாதம் இரண்டு விதமாக வரும்: மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் மூளைக்குள் கசிவது இன்னொன்று. நம் ஊரில் இரண்டையும் சேர்த்து 'கை கால் விழுந்துருச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். தலைவலியும் வாந்தியும் இருந்தால் கசிவாக இருக்கலாம் என்று சந்தேகப்படலாமே தவிர, வெளியே நின்று பார்த்து எந்தப் பெரிய டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சி.டி. போன்ற ஸ்கேன்தான் சொல்லும். அடைப்புக்கு உதவுகிற ஆஸ்பிரின், கசிகிற ரத்தத்தை உறைய விடாது. ஸ்கேன் பார்க்காமல் அதைக் கொடுப்பது சூதாட்டம். இரண்டாவது தப்பு, தண்ணீர். வாய் கோணினவருக்குத் தொண்டையும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். கொடுத்தது நுரையீரலுக்குள் போய்விடலாம். தண்ணீர், காபி, சர்க்கரைத் தண்ணீர், மாத்திரை, எதுவும் வாய் வழியாகக் கொடுக்கக் கூடாது. வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மணி என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும், 108-க்குப் போன் போட வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

நான் 108-க்கும் போடவில்லை. ஆட்டோ பிடித்து, நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்குக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் வந்து சேர 7.40 ஆகிவிட்டது. பார்த்த மறுநிமிடமே, "பிரஷர் 220-க்கு 120 இருக்கு, திருச்சிக்குக் கொண்டு போங்க, இங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அவர் மேல் குற்றமில்லை. சி.டி. மெஷின் இல்லாத இடத்துக்கு நான்தான் போனேன். பக்கத்து வீட்டுக் காரில் கிளம்பினோம். புலிவலம், மண்ணச்சநல்லூர் எல்லாம் தாண்டி நெம்பர் ஒன் டோல்கேட் வரும்போது, "என் கை எங்க காணோம்" என்று அப்பா கேட்டார். இடது கை அவர் மடியில்தான் இருந்தது. அதுவரை அழாமல் வந்தவள் அங்கே அழுதேன். ஆஸ்பத்திரி வாசலில் 9.15. வாய் கோணி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்த 220 எங்கிருந்து வந்தது? அப்பாவுக்கு ஒன்பது வருடமாகப் பிரஷர் உண்டு. அந்த ஜனவரியில் ஒரு முகாமில் பார்த்தபோது 130-க்கு 80 என்று சொல்லியிருக்கிறார்கள். 'நார்மல் ஆயிருச்சு' என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மலாக இருந்தது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஐந்து மாதமாக வீட்டில் அட்டை தீரவே இல்லையே என்று எனக்கும் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு ஆறேழு ரூபாய் மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்; 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கையில் இருந்தும் விட்டோம்.

ஸ்கேன் 9.40-க்கு எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் நரம்பியல் அறுவை நிபுணர் பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினார். வலது பக்கம் நடு ஆழத்தில் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளையாக ஒரு பொட்டு. தலாமஸ் என்ற இடமாம். பல வருடப் பிரஷரில் அங்கே இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் நைந்துபோய் ஒரு நாள் வெடிக்கும், இது அடிக்கடி பார்க்கிற இடம்தான் என்றார். பொட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் எத்தனை மில்லி என்று வந்துவிடுமாம். கைக்கணக்காகவே போட்டு 14 மில்லி என்றார். டேப் வைத்து அளவெடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கணக்கு மட்டும் அன்று எனக்கு உடனே புரிந்தது.

அவர் சொன்னதை அப்போது நான் பாதிதான் காதில் வாங்கினேன். இப்போது வரிக்கு வரி ஞாபகம் வருகிறது. "வெடிச்ச ரத்தம் அப்படியே நிக்காதும்மா. மூணுல ஒருத்தருக்கு முதல் சில மணி நேரத்துல பெருசாகும். அதைத் தடுக்கறதுதான் இப்போ வைத்தியம். பிரஷரை ஒரு மணி நேரத்துக்குள்ள 140 பக்கத்துல கொண்டுவரணும், 130-க்குக் கீழ விடக்கூடாது, ஏத்த இறக்கம் இல்லாம பிடிச்சு வைக்கணும். ஆபரேஷன் இப்போ வேண்டாம். ஐசியூல வெச்சுப் பார்ப்போம்." என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஆஸ்பிரின் கொடுத்ததைச் சொன்னேன். ஒரு நொடி பேனா நின்றது. திட்டவில்லை. "எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிகிராம்?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். இதை மறைத்துவிடாதீர்கள். அதிலும் வால்வு மாற்றியவர்கள், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரையாக இருந்தால், அதை முறிக்கிற மருந்தை உடனே ஏற்றியாக வேண்டும். தெரியாமல் டாக்டர்கள் இழக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ரத்தமாகக் கசியும்.

ஆஸ்பிரின் என்றதும் சித்தப்பா, ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்களைக் கொடுக்க இரண்டு பையன்களைத் திரட்டிவிட்டார். டாக்டர் வேண்டாம் என்றார். ஆஸ்பிரின் சாப்பிட்டு ரத்தக்கசிவு வந்தவர்களுக்குப் பிளேட்லெட் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகிறது என்று 2016-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது, தலையைத் திறந்து ஆபரேஷன் செய்வதாக இருந்தால்தான் யோசிப்போம் என்றார். வாசலில் நின்ற சொந்தக்காரர்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ரத்தம் ஏற்றவில்லை, ஆபரேஷனும் இல்லை, இது என்ன ஆஸ்பத்திரி என்று பேச ஆரம்பித்தார்கள்.

மதியத்துக்குள் பிரஷர் 150-க்கு வந்திருந்தது. சிரிஞ்ச் பம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, "கடைச் சாவி யார்கிட்ட இருக்கு" என்று கேட்டார். அப்படி இருந்தவரைத்தான் நான் அங்கிருந்து கிளப்பினேன். தலைக்குள் ரத்தம் இருக்கிறது, எடுக்காமல் சும்மா படுக்கப் போட்டிருக்கிறார்கள், ஆபரேஷன் செய்யத் தெரியாததால்தான், இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், இதெல்லாம் சித்தப்பா போனில் சொன்னது. நல்ல மனுஷன், பதறிப்போய்ச் சொன்னார். 'இருந்து பார்ப்போம்' என்று சொல்வதைவிட 'ஏதோ செய்தோம்' என்று சொல்வது எனக்கும் தெம்பாக இருந்தது. மாலை ஐந்து மணிக்கு, சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்று கையெழுத்துப் போட்டேன். ஒன்பது மணி நேரம்கூட ஆகவில்லை, 46,000 ரூபாய் பில். ஆம்புலன்ஸ் 7,000.

ஆம்புலன்ஸில் பம்ப் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டுத்தான் ஏற்றினார்கள். அதைக் கவனிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. புது ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் ஒரு லட்சம் கட்டி, பெட் ஒதுக்கி, ஐசியூவுக்குள் போக ஒரு மணி பத்து நிமிடம். பிரஷர் மறுபடி 200. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. 7.30-க்கு எடுத்த ஸ்கேனில் 26 மில்லி. ரத்தம் மூளையின் நீரறைகளுக்குள் உடைத்துக்கொண்டு போயிருந்தது. அந்த நீர் வடிகிற வழி அடைபட்டு, அறைகள் உப்பத் தொடங்கியிருந்தன. இடம் மாற்றியதால்தான் இப்படி ஆனதா என்று அந்த டாக்டரிடம் நேரடியாகவே கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா, அங்கேயே இருந்திருந்தாலும் பெருசாகியிருக்கலாம்" என்றார். இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் பிரஷரைப் பிடித்துவைக்க யாரும் இல்லை என்பது என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆபரேஷனுக்காகத்தானே வந்தோம்? ரத்தக்கட்டியை எடுக்கும் ஆபரேஷன் வேண்டாம் என்று இவரும் அதே வார்த்தையில் சொன்னார். சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். ஆனால் நீரறைக்குள் ஒரு குழாய் வைத்து, தேங்குகிற நீரை வெளியே வடிய விட வேண்டும், அதை இன்று இரவே செய்ய வேண்டும் என்றார். மண்டையில் விரல்கூட நுழையாத அளவுக்கு ஒரு துளை, அதன் வழியாக ஒரு மெல்லிய குழாய், தலைமாட்டில் தொங்குகிற ஒரு பை. இரவு பத்து மணிக்கு உள்ளே அழைத்துப்போய்ப் பதினொன்றேகாலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். பையில் இறங்கிய நீர் பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது. நாள் போகப் போக ரோஸாகி, மஞ்சளாகி, எட்டாம் நாள் கிட்டத்தட்டத் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. கிருமி தொற்றும் என்பதால் அந்தக் குழாயை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் மூடிவைத்து, மறுபடி ஸ்கேன் பார்த்து, அறைகள் உப்பவில்லை என்று தெரிந்த பிறகு எடுத்தார்கள்.

குழாய் வைத்தவர்களின் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பை தொங்குகிற உயரம் காது மட்டத்தை வைத்து அளந்து வைத்தது. கட்டிலின் தலைமாட்டை ஏற்றினாலோ இறக்கினாலோ அளவு மாறி நீர் அதிகமாக இறங்கிவிடும், இல்லை நின்றுவிடும். குழாயை மூடிவிட்டுத்தான் நோயாளியை அசைக்க வேண்டும். நான்காம் நாள் ஸ்கேனுக்கு அழைத்துப் போக வந்த ஆள் மூடாமலேயே கட்டிலைத் தூக்கப் பார்த்தார். முந்தின நாள் ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்ததால் நான் கத்தினேன். ஐசியூ வாசலில் அதிகம் பேசாமல் நின்றாலும், இந்த மாதிரி விஷயத்துக்குக் கத்தலாம்.

ஏன் சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு இல்லை என்பது பக்கத்துக் கட்டிலால்தான் எனக்கு விளங்கியது. பெரம்பலூர்ப் பக்கத்து அம்மா, ஐம்பது வயது இருக்கும். தலைசுற்றல், ஓயாத வாந்தி, நிற்க முடியவில்லை என்று வந்தவர். சிறுமூளையில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ரத்தக்கட்டி. வந்த சில மணி நேரத்தில் திறந்து எடுத்துவிட்டார்கள். பத்து நாளில் பிடித்துக்கொண்டு நடந்தார். 'உங்கப்பாவுக்கு மட்டும் ஏன் பண்ணல?' என்று அவர் பையன் கேட்க, எனக்கு வயிறு எரிந்தது. டாக்டரிடமே கேட்டேன். சிறுமூளை இருக்கிற அறை சின்னது, பக்கத்திலேயே மூச்சையும் இதயத்தையும் நடத்துகிற மூளைத்தண்டு. அங்கே கட்டி நசுக்கினால் ஆள் போய்விடுவார், அதனால் காத்திருக்க முடியாது. அப்பாவுக்கு இருப்பது அடி ஆழத்தில். அதை எடுக்கப் போனால் வழியில் இருக்கிற நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். எடுத்ததைவிடக் கெடுத்தது அதிகமாகிவிடும் என்றார்.

வராந்தாவில் தூக்கம் வராத ராத்திரிகளில் போனில் தேடித் தேடிப் படித்தேன். 2005-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மீதிப் பேருக்கு மருந்து என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவில் மொத்தமாகப் பெரிய வித்தியாசமே இல்லை. அந்த ஆய்வின் பெயர் 'ஸ்டிச்'. தையல்காரர் மகளுக்கு அந்தப் பெயர் மறக்குமா. மூளையின் மேல்பரப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு 2013-ல் இரண்டாவது 'ஸ்டிச்' வந்தது, அதிலும் தெளிவான லாபம் வரவில்லை. 2024-ல் வெளியான 'என்ரிச்' ஆய்வில்தான், சின்னத் துளை வழியாக 24 மணி நேரத்துக்குள் கட்டியை உறிஞ்சி எடுத்தபோது மேல்பரப்புக் கட்டி உள்ளவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆழத்தில் இருப்பவர்களுக்கு அதிலும் அந்த லாபம் தெரியவில்லை. ஆக, கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, ஆள் கண் திறக்கிறாரா, இந்த மூன்றையும் வைத்துத்தான் கத்தி எடுப்பதா என்று முடிவாகிறது. 'ஆபரேஷன் பண்ணலையா?' என்று நான் கேட்டதற்குப் பதிலாக, 'கட்டி எங்கே, எத்தனை மில்லி, அடுத்த ஸ்கேன் எப்போ, பிரஷர் இப்போ எவ்வளவு?' என்று கேட்டிருக்கலாம். அன்று முதல் ஆஸ்பத்திரியில் இந்த நான்குக்குமே பதில் கையில் இருந்தது.

இன்னொரு ஆய்வு 2023-ல் வந்தது, 'இன்டராக்ட்3'. இந்தியா, இலங்கை உட்பட பத்து நாடுகளில் ஏழாயிரம் பேருக்கு மேல். அதில் புது மெஷின் எதுவும் இல்லை. பிரஷரை ஒரு மணி நேரத்தில் இறக்கு, சர்க்கரையைக் கட்டுக்குள் வை, காய்ச்சல் ஏற விடாதே, ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரையை முறி. இவ்வளவையும் சேர்த்துச் சீக்கிரமாகச் செய்த இடங்களில் நிறைய பேர் நல்ல நிலையில் பிழைத்தார்கள். அந்த முதல் டாக்டர் செய்துகொண்டிருந்தது இதைத்தான் என்று படித்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் இரவு ஒரு டியூட்டி டாக்டர், "தேறுவார்னு சொல்ல முடியாது, வெண்டிலேட்டர் வேணுமா வேண்டாமான்னு வீட்டுல பேசிக்கோங்க" என்றார். அம்மா உடனே, "வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்டி, அவர் உசிரு நம்ம வீட்டுல போகட்டும்" என்றாள். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். மூளையில் ரத்தம் கசிந்தவர்களில் ஒரு மாதத்துக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் இருக்கிறார்கள். அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. காலையில் குழாய் வைத்த டாக்டரிடம் கேட்டேன். முதல் ஒன்றிரண்டு நாளில் பார்த்து யார் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்று சொல்வது தப்பாகப் போவது உண்டு, இரண்டு நாள் முழுசாக வைத்தியம் செய்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம் என்றார். அவர் கொடுத்த இரண்டு நாளைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சண்டை போட்டேன். அப்பாவின் சொந்த விருப்பம் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அதை நல்லபடியாக இருக்கும்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும். கேட்டால் அபசகுனம் என்பாள் அம்மா.

மூன்றாம் நாள் காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா. வாந்தி உள்ளே போயிருக்கலாம், நான் கொடுத்த தண்ணீரும் போயிருக்கலாம். ஆன்டிபயாட்டிக்குக்கு மட்டும் 58,000 ரூபாய். மூக்கு வழியாகக் குழாய் வைத்துத்தான் கஞ்சி. வார்டுக்கு வந்த பிறகும், முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கேட்கிறதா என்று பார்த்துத்தான் வாய் வழியாக விட்டார்கள். பார்க்க வந்த பெரியம்மா இளநீர் கொண்டுவந்து, "ரெண்டு வாய் ஊத்து, உடம்பு குளுந்துரும்" என்று நின்றார். இன்னொருத்தர் புறா ரத்தம் தேய்த்தால் கை எழும் என்று, புறாவையே கூண்டோடு கொண்டுவந்துவிட்டார். இளநீரை நான் குடித்தேன். புறா எங்கள் தெருவிலேயே இப்போதும் பறக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். இரண்டாவது ஆஸ்பத்திரியில் 19 நாள், அதில் ஐசியூ 12 நாள், மொத்தம் 5,38,000. நான்காம் நாள் அட்வான்ஸ் கேட்டபோதுதான் அம்மா பெட்டியிலிருந்து முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக் கொடுத்தாள். குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. கவுன்டரில், 'நாங்க அந்தத் திட்டத்துல இல்லைம்மா' என்றார்கள். நாங்கள் விட்டுவிட்டு வந்த முதல் ஆஸ்பத்திரியின் வாசலில் அந்தத் திட்டத்தின் போர்டு இருந்தது. எங்கே போனாலும் முதல் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே அட்டையை நீட்டிக் கேளுங்கள். எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே மாதிரி கிடைக்காது, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், ஆனால் கேட்காதவருக்கு ஒன்றுமே கிடைக்காது. 'முதல் 48 மணி நேரம் அரசே கட்டும்' என்று ஒருத்தர் அடித்துச் சொன்னார். அது சாலை விபத்துக்கான திட்டம், இதற்குப் பொருந்தாது. திருச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போயிருக்கலாமே என்று நினைக்காத நாளில்லை. கூட்டம் என்று பயந்தேன். நான் காசு கட்டி வாங்கிய இடத்திலும் பெட்டுக்காக ஒரு மணி பத்து நிமிடம் நின்றேனே.

வீட்டுக்கு வந்த பிறகு செலவு நிற்கும் என்று நினைத்தேன். கட்டில் வாடகை, ஏர் மெத்தை, இரண்டு மாதம் பார்த்துக்கொள்ள ஆள், பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 89,800. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் கூட்டினால் 6,80,800. பதினொரு பவுன் அடகில் போனது, நாலு மீட்டிருக்கிறேன். ஆபீஸில் சம்பளமில்லாத விடுப்பு 47 நாள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் வசதி மக்களைத் தேடி மருத்துவத்தில் உண்டு என்று மூன்றாவது மாதம்தான் ஒரு செவிலியர் சொல்லித் தெரிந்தது. அதற்குள் எழுபது தடவை, தடவைக்கு 400 கொடுத்து முடித்திருந்தேன். மெத்தையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைத்ததாலும் அந்த மெத்தையாலும் அப்பாவுக்குப் படுக்கைப்புண் வரவில்லை. வந்திருந்தால் அதற்குத் தனியாக ஒரு ஃபைல் போட்டிருக்க வேண்டும்.

பிசியோ பையன் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னபோது அப்பா கண்டுகொள்ளவே இல்லை. கடையிலிருந்து பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து தாம்பாளத்தில் கொட்டினேன். சட்டைப் பட்டனைத் தனியாக, பேன்ட் பட்டனைத் தனியாக இடது கையால் பொறுக்கணும் என்றேன். முதல் வாரம் ஒன்றுகூட எடுக்க முடியவில்லை, தாம்பாளத்தைத் தள்ளிவிட்டார். நான்காவது மாதம் பிளவுஸ் கொக்கியை எடுத்தார். கையைவிட மனசுதான் பாடாய்ப் படுத்தியது. காரணமே இல்லாமல் அழுவார், சீரியல் பார்த்து அழுவார். அதுவும் இந்த நோயின் பாகம்தான், அதற்கும் மருந்து உண்டு என்று டாக்டர் சொல்லும் வரை, நான் ஏதோ கோபத்தில் பேசிவிட்டதால் அழுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசாமலும் இல்லை.

இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. கோலை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறார். மெஷினில் உட்கார்ந்து தலையணை உறை அடிக்கிறார், கோணலாக. பிரஷர் 130-க்கு 80-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. 1,900 ரூபாய்க்கு வாங்கிய மெஷினில் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். நேற்று மாலை 146-க்கு 88. மெஷின் பேட்டரி போய்விட்டது என்றார் அப்பா. பேட்டரி மாற்றிப் பார்த்தும் 144. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் ஊறுகாய் ஜாடி மேல் துணி கட்டாமல் இருக்கிறது, எடுத்த ஸ்பூனும் பக்கத்திலேயே கிடக்கிறது. இன்று காலை 138. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம், நோட்டை அவரிடமே நீட்டப் போகிறேன். ஊறுகாயை எழுதாதே என்று இரண்டு பேரும் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.